மிஸ்ட்ல வேலை பார்க்கும்போது வெல்டிங் ஹோல்டர்ல ஷாக் அடிச்சது, ஆர்சிசிபி (கரண்ட் கசிஞ்சா தானா அணையற சுவிட்ச்) விழவே இல்லை. ஏன்?

மலைப்பட்டறை (கோத்தகிரி) · செவ்வாய், இரவு 9:12

வணக்கம்ங்க. கோத்தகிரி பக்கம் ரோட்டோரமா தகரக் கொட்டகை போட்டு வெல்டிங் பட்டறை ஆரம்பிச்சு எட்டு மாசம் ஆச்சு. கேட்டு, கிரில், தோட்டத்து வேலிக் கம்பம், இதுதான் வேலை. ஒரு 200 ஆம்ப் இன்வெர்ட்டர் மெஷின், ரெண்டு கிரைண்டர், ஒரு கட்டிங் மெஷின் வெச்சிருக்கேன்.

இன்னைக்குக் காலைல எட்டு மணி இருக்கும். மிஸ்ட் கொட்டகைக்குள்ளயே வந்து நின்னுது. ஒரு ஸ்லைடிங் கேட்டைத் தரையில படுக்க வெச்சு, அது மேலயே முட்டி போட்டு பத்த வெச்சுட்டு இருந்தேன். ராடு தீர்ந்துச்சு. கையுறை நனைஞ்சு சொதசொதன்னு இருந்ததால கழட்டிப் போட்டுட்டு வெறுங்கையால புது ராடைச் சொருகினேன். சொருகின நொடி கையில இருந்து முட்டி வரைக்கும் வெட்டி இழுத்துச்சு. ஹோல்டர் தானா கீழ விழுந்துச்சு. பத்து நிமிஷம் நெஞ்சு படபடன்னு அடிச்சு அப்புறம் அடங்கிருச்சு.

எனக்குப் புரியாதது இதுதான். போர்டுல 30 மில்லி ஆம்ப் ஆர்சிசிபி இருக்கு. டெஸ்ட் பட்டனை அமுக்கினா டக்குன்னு விழுது. ஷாக் அடிச்சப்ப மட்டும் விழலை. அது கெட்டுப்போச்சா? என்கிட்ட 19 வயசுப் பையன் ஒருத்தன் வேலை பழகறான். நாளைக்கு அவன் கையில ஹோல்டரைக் குடுக்கறதுக்குள்ள எனக்குப் பதில் தெரிஞ்சாகணும்.

ஊட்டி வயர்மேன் · செவ்வாய், இரவு 9:40

தம்பி, முதல்ல உடம்பைப் பாருங்க. படபடப்பு திரும்ப வந்தாலோ, துடிப்பு விட்டு விட்டு வந்தாலோ இன்னைக்கு ராத்திரியே ஆஸ்பத்திரிக்குப் போயி ஈசிஜி எடுத்துருங்க. காலைல பார்த்துக்கலாம்னு இருக்காதீங்க.

ஆர்சிசிபி நல்லாத்தான் இருக்கு. உங்களுக்கு அடிச்ச இடத்தை அதால பார்க்கவே முடியாது. ஃபேஸ்ல போன கரண்ட்டும் நியூட்ரல்ல திரும்பி வர்ற கரண்ட்டும் சமமா இருக்கான்னு பார்த்துட்டே இருக்கறதுதான் அதோட வேலை. வித்தியாசம் வந்தா, நடுவுல எங்கயோ மண்ணுக்குக் கசியுதுன்னு விழுந்துரும். வெல்டிங் மெஷினுக்குள்ள டிரான்ஸ்ஃபார்மர் இருக்கு. அதுக்கு இந்தப் பக்கம் 230 வோல்ட், அந்தப் பக்கம் ராடு பிடிக்கற ஹோல்டர், இரும்புல மாட்டற கிளாம்ப். ரெண்டுக்கும் நடுவுல வயர் தொடர்பே கிடையாது. உங்க கை, முட்டி, கேட்டு, கிளாம்ப் வழியா ஓடின கரண்ட் மொத்தமும் அந்தப் பக்கத்துக்குள்ளயே சுத்தி வந்திருச்சு. இந்தப் பக்கம் இருக்கற ஆர்சிசிபிக்கு அது தெரிய வழியே இல்லை.

அதுக்காக அதைக் கழட்டிராதீங்க. கிரைண்டர் வயர் நசுங்கினாலும், மெஷின் பாடியில மெயின் கரண்ட் இறங்கினாலும் அதுதான் காப்பாத்தும். ஹோல்டர் பக்கம் மட்டும் அது காவல் இல்லை. அங்க காய்ஞ்ச கையுறையும் காய்ஞ்ச பலகையும்தான் காவல்.

சிமெண்ட்சாலை · செவ்வாய், இரவு 9:58

வெல்டிங் மெஷின்ல 60, 70 வோல்ட்தானே வருது? இருபது வருஷமா வெறுங்கையிலதான் ராடு மாத்தறோம். சுருக்குன்னு இருக்கும், அவ்வளவுதான். தம்பியை ரொம்ப பயமுறுத்தாதீங்க.

ஊட்டி வயர்மேன் · செவ்வாய், இரவு 10:20

அண்ணா, கோபமா சொல்லலை. கணக்கு மட்டும் போட்டுப் பாருங்க. காய்ஞ்ச தோலுக்குத் தடை பல ஆயிரம் ஓம் இருக்கும். வேர்த்தோ மிஸ்ட்லயோ நனைஞ்சா ஆயிரம் ஓம் பக்கம் இறங்கிரும். 70 வோல்ட்டை ஆயிரத்தால வகுத்தா 70 மில்லி ஆம்ப். ஆர்சிசிபி எத்தனைக்கு விழுது? 30க்கு. உயிருக்கு ஆபத்துன்னு வெச்ச வரம்பைப் போல ரெண்டு மடங்குக்கு மேல. நீங்க காய்ஞ்ச செருப்போட நின்னு மாத்தினதால இருபது வருஷம் தாங்கிச்சு. தம்பி கேட்டு மேலயே முட்டி போட்டிருந்தார்.

இந்த விஷயத்துல ஏசியும் டிசியும் ஒண்ணு கிடையாது. வெல்டிங் மெஷினுக்கான சர்வதேசத் தரம் ஐஇசி 60974ல, ஈரமான, நெருக்கமான இடத்துக்குத் தனி வரம்பே போட்டிருக்காங்க. காய்ஞ்ச இடத்துல ஏசி 80 வோல்ட் வரைக்கும் இருக்கலாம், ஈர இடத்துல 48தான். டிசிக்கு ரெண்டு இடத்துலயும் உச்சம் 113. அதனால பழைய ஏசி டிரான்ஸ்ஃபார்மர் செட்டை மழைக் காலத்துல வெளிய எடுக்கவே கூடாது. ஈர இடத்துக்கு ஆகும்னு சோதிச்ச மெஷின்னா பெயர்ப் பலகையில சதுரத்துக்குள்ள ‘எஸ்’னு ஒரு எழுத்து இருக்கும். அப்படி இருந்தாலும் மழையில நனைய விடலாம்னு அர்த்தம் இல்லை.

புது மெஷின் வாங்கறவங்க விஆர்டி இருக்கான்னு கேளுங்க. ராடு தொடாத நேரத்துல ஹோல்டர் வோல்ட்டை 35க்குக் கீழ இறக்கி வெச்சிருக்கும், தொட்டதும் ஏத்திக் குடுக்கும். நம்ம ஊருக்கு அதை விட உபயோகமான வசதி வேற இல்லை.

தம்பி, நாளைக்குக் கிளாம்ப் எங்க மாட்டியிருக்கீங்கன்னு ஒரு போட்டோ போடுங்க. எனக்கு அதுல ஒரு சந்தேகம் இருக்கு.

குன்னூர் பழைய கை · புதன், காலை 6:05

கண்ணு, நாற்பது வருஷம் ராடு பிடிச்ச கை இது. இப்ப பையன்தான் பட்டறையைப் பார்த்துக்கறான். உங்க பதிவைப் படிச்சுட்டு ராத்திரி தூக்கம் வரலை. என் கூட்டாளி ஒருத்தன் இப்படித்தான், தண்ணித் தொட்டிக்குள்ள உட்கார்ந்து ராடு மாத்தும்போது போயிட்டான். அப்ப வெளிய யாரும் நிக்கலை. மெஷினை அணைக்க ஆள் இருந்திருந்தா பொழச்சிருப்பான்.

நம்ம மலையில ஜூன்ல ஆரம்பிச்சா டிசம்பர் வரைக்கும் ஈரம். கோத்தகிரிக்கு ஐப்பசி, கார்த்திகைதான் பெரிய மழை. அந்த மாசத்துல நான் செஞ்சதைச் சொல்றேன். மூணு ஜோடி தோல் கையுறை. ஒண்ணு கையில, ரெண்டு அடுப்புக்குப் பக்கத்துல கயித்துல தொங்கும். ஒண்ணு நனைஞ்சா மாத்திக்குவேன். அடுப்புக்கு ரொம்ப ஒட்டி வெச்சா தோல் சுருங்கி வெடிச்சிரும், ஒரு முழம் தள்ளியே இருக்கணும். வேலையில முட்டி போடவேண்டி வந்தா அடியில காய்ஞ்ச பலகை, பலகை மேல ரப்பர் பாய். பலகையை ராத்திரி வீட்டுக்குள்ள எடுத்து வெச்சுருவேன். கொட்டகையில விட்டா காலைல ஊறிக் கெடக்கும். ஹோல்டரை அக்குள்ள இடுக்கிட்டு முகமூடியைச் சரி பண்ற பழக்கம் நம்ம ஆளுங்க எல்லாருக்கும் உண்டு. அதை விட்டுருங்க.

மலைப்பட்டறை · புதன், மதியம் 1:30

எல்லாருக்கும் நன்றிங்க. ராத்திரி ஈசிஜி எடுத்துட்டேன், சரியா இருக்குன்னு சொன்னாங்க.

போட்டோ போட்டிருக்கேன். கிளாம்ப் வயர் மூணு மீட்டர்தான், கேட்டு வரைக்கும் எட்டாது. அதனால கொட்டகையோட இரும்புத் தூண்ல மாட்டி வெச்சிருக்கேன். கேட்டோட ஒரு முனை தூணைத் தொட்டுட்டு இருக்கும், கரண்ட் ஓடிரும். போர்டுல இருந்து வர்ற பச்சை எர்த் வயரும் அதே தூண்லதான் கட்டியிருக்கு. ரெண்டுமே எர்த்துதானேன்னு விட்டுட்டேன்.

ஊட்டி வயர்மேன் · புதன், மதியம் 2:10

நான் சந்தேகப்பட்டது இதையேதான். தம்பி, வேலையை நிறுத்திட்டு இதை முழுசாப் படிங்க.

நம்ம தொழில்ல ரெண்டு வேற சாமானுக்கு ஒரே பேர் வெச்சுட்டோம். பச்சை வயர் எர்த், மெஷின் பாடியை மண்ணோட சேர்க்கறது. சாதாரண நேரத்துல அதுல கரண்ட் ஓடவே கூடாது. கிளாம்ப்பை எர்த்னு சொல்றோம், ஆனா அது மண்ணுக்குப் போற வயர் கிடையாது. ஹோல்டர்ல போன 120 ஆம்ப்பும் மெஷினுக்குத் திரும்பி வர்ற வழி அது. ரிட்டன் வயர்னு சொல்லியிருந்தா பாதிப் பேர் தப்பிச்சிருப்பாங்க.

உங்க ஏற்பாட்டுல கேட்டும் தூணும் தொடற இடத்துல பெயிண்ட், துரு. அங்க சரியா ஓடலைன்னா அந்த 120 ஆம்ப் வேற வழி தேடும். கட்டிங் மெஷின் கேட்டைத் தொட்டுட்டு இருந்துச்சா? அப்படின்னா கேட்டுல இருந்து கட்டிங் மெஷின் பாடி, அதோட பச்சை வயர், போர்டு, தூண், கிளாம்ப்புன்னு ஒரு வழி இருக்கு. அந்தப் பச்சை வயர் ஒண்ணரை ஸ்கொயர் (சதுர மில்லிமீட்டர்) தடிமன்தான் இருக்கும், 120 ஆம்ப்பைத் தாங்காது. கட்டிங் மெஷின் பிளக்கை இப்பவே கழட்டித் திறந்து பாருங்க.

மலைப்பட்டறை · புதன், மதியம் 2:48

திறந்துட்டேன் அண்ணா. பச்சை வயர் தோல் கருகி உருகியிருக்கு. உள்ள செம்பு அறுந்து தனியா கெடக்கு. கட்டிங் மெஷினுக்கு எத்தனை நாளா எர்த்தே இல்லாம இருந்துச்சுன்னு தெரியலை. அதைப் பையன்தான் ஓட்டறான்.

டீ ஃபேக்டரி ஃபிட்டர் (குந்தா பக்கம்) · புதன், மாலை 6:15

எங்க ஃபேக்டரியில இதே கதை வேற மாதிரி நடந்துச்சு. டிரையர் செயின் பக்கத்துல ஒரு பிராக்கெட் பத்த வெச்சாங்க. கிளாம்ப்பை மறுமுனையில ஃபிரேம்ல மாட்டிட்டாங்க. கரண்ட் பேரிங் வழியா ஓடிருச்சு. ரெண்டு வாரத்துல பேரிங் கரகரன்னு சத்தம். கழட்டிப் பார்த்தா உள்ள குண்டு ஓடற பாதை முழுக்க பொட்டுப் பொட்டா குழி. அன்னைல இருந்து எங்ககிட்ட ஒரே சட்டம்: பத்த வைக்கற இடத்துல இருந்து கை நீட்டற தூரத்துக்குள்ள, அதே இரும்புல, பெயிண்ட் சுரண்டி கிளாம்ப். செயின் பிளாக்ல (பாரம் தூக்கற சங்கிலி) தொங்கற சாமானைப் பத்த வெச்சா செயினே கருகும். லாரி, ஜீப்னா முதல்ல பேட்டரி வயரைக் கழட்டணும்.

தீயைப் பத்தியும் சொல்றேன், இங்க யாரும் இன்னும் பேசலை. தேயிலை ஃபேக்டரியில ஃபிளஃப்னு ஒரு பஞ்சு உத்திரம், பைப், வயர் டிரே எல்லாத்து மேலயும் படிஞ்சிருக்கும். ஒரு பொறி அதுல விழுந்தா புகை கூட வராம உள்ளயே கனிஞ்சுட்டு இருக்கும். வேலை முடிச்சு எல்லாரும் டீ குடிக்கப் போன பிறகு பிடிக்கும். பொறி பத்து பதினொரு மீட்டர் வரைக்கும் பறக்கும்னு கணக்கு வெச்சுக்கங்க. மேல ஏறிப் பத்த வெச்சா இன்னும் தூரம். முதல்ல கூட்டணும், நனைச்ச சாக்குப் போடணும், முடிச்ச பிறகு ஒரு மணி நேரம் ஒருத்தர் அங்கயே உட்கார்ந்து பார்க்கணும். முன்னாடி அரை மணின்னு இருந்தது, அது பத்தாதுன்னு தரத்தையே மாத்தினாங்க. தை, மாசியில உறைபனி விழுந்து புல்லு காய்ஞ்சு கெடக்கும்போது வேலிக் கம்பம் பத்த வைக்கறவங்களுக்கும் இது பொருந்தும். அந்த மாசத்துல வேலிக்குப் பதிலா காடு எரிஞ்சிரும்.

கூடலூர் கேஸ்கட்டர் · புதன், இரவு 8:30

கேஸ் வெச்சிருக்கறவங்களுக்கு ரெண்டு வார்த்தை. டி.ஏ. சிலிண்டரை (அசிட்டிலீன் சிலிண்டர்) படுக்க வெச்சு ஜீப்புல கொண்டு வராதீங்க. உள்ள அசிட்டிலீன் அசிட்டோன்ங்கற திரவத்துல கரைஞ்சு இருக்கு. படுத்தா அசிட்டோன் வால்வு வழியா வந்துரும். நிக்க வெச்சு, சங்கிலி போட்டு, மூடி மாட்டித்தான் கொண்டை ஊசி ஏறணும். கல்லட்டி வழியில 36 வளைவு, கட்டாத சிலிண்டர் முதல் வளைவுலயே உருளும். தப்பித் தவறிப் படுத்துட்டா சில மணி நேரம் நிக்க விட்டுட்டுத்தான் திறக்கணும்.

குளிருல காலைல கேஸ் பிரஷர் இறங்கிரும். அதுக்குச் சில பேர் சிலிண்டர் அடியில காகிதம் கொளுத்தறதை என் கண்ணால பார்த்திருக்கேன். வெந்நீர்ல நனைச்ச துணி போதும். அசிட்டிலீன் ரெகுலேட்டரை 1 கிலோ பிரஷருக்கு மேல ஏத்தாதீங்க, அதுக்கு மேல காத்து சேராமலே தானா வெடிக்கிற குணம் அதுக்கு. ஆக்சிஜன் பக்கம் எண்ணெய், கிரீஸ் கை படவே கூடாது. ரெண்டு லைன்லயும் ஃபிளாஷ் பேக் அரெஸ்டர் (தீ குழாய் வழியா சிலிண்டருக்குத் திரும்பாம தடுக்கறது) போடுங்க.

அப்புறம் இந்த வெந்நீர் பாய்லர். நம்ம ஊர்ல பழைய ஆயில் ட்ரம்மை வெட்டித்தான் விறகு பாய்லர் செய்யறோம். ‘காலி ட்ரம்’னு ஒண்ணு கிடையாது. எண்ணெய் காலி, ஆவி இருக்கும். டீசல் ட்ரம், பெயிண்ட் ட்ரம் எதுவா இருந்தாலும் கழுவி, கழுத்து வரைக்கும் தண்ணி ரொப்பி, வெட்டற இடத்துல மட்டும் வெறுமையா விட்டு வெட்டணும். என்ன இருந்துச்சுன்னு தெரியாத ட்ரம்மைத் திருப்பி அனுப்பிருங்க. தைலம் காய்ச்சற அடுப்பு ஒழுகுதுன்னு கூப்பிட்டாலும் இதே எச்சரிக்கைதான். யூகலிப்டஸ் தைலம் 50 டிகிரிக்கும் கீழ சூடானாலே தீப்பிடிக்கிற அளவு ஆவி விடும். சுத்திலும் காய்ஞ்ச தழை மலை மாதிரி குவிச்சிருப்பாங்க. பாத்திரத்தைக் கழட்டி, தண்ணி ரொப்பி, தழையை விட்டுத் தள்ளிக் கொண்டு வந்து பத்த வைங்க.

கண் பிரிவு நர்ஸ் · புதன், இரவு 9:20

என் அப்பாவும் வெல்டர். அதனால இதை எழுதாம போக முடியலை.

ஆர்க் (வெல்டிங் வெளிச்சம்) அடிச்ச கண்ணோட வர்றவங்க பெரும்பாலும் நடுராத்திரியிலதான் வருவாங்க. பகல்ல பார்த்தது, ஆறு முதல் பன்னிரண்டு மணி நேரம் கழிச்சு மணல் போட்டு அரைச்ச மாதிரி வலிக்கும். பாதிப் பேர் ராடு பிடிச்சவங்க கிடையாது. கேட்டைப் பிடிச்சுட்டு நின்ன ஹெல்பர், வேடிக்கை பார்த்த குழந்தை. 100 முதல் 150 ஆம்ப்புக்கு முகமூடியில 10 அல்லது 11 நம்பர் கறுப்புக் கண்ணாடி வேணும். ஹெல்பருக்கும் அதே நம்பர். தெருப்பக்கம் ஒரு தகரமோ தார்ப்பாயோ மறைவா கட்டுங்க, பள்ளிக்கூடம் போற பிள்ளைங்க நின்னு பார்க்கும்.

அடிச்சிருச்சுன்னா தாய்ப்பால் விடறது, உருளைக்கிழங்கு சீவி வைக்கறது ரெண்டும் வேண்டாம், புண்ணான கண்ணுல கிருமி போகும். மருந்துக்கடையில மரத்துப் போற சொட்டு மருந்து கேட்டு வாங்கிப் போடவே கூடாது, வலி தெரியாது, புண் ஆறாது. காண்டாக்ட் லென்ஸ் இருந்தா எடுத்துட்டு, மூடின கண் மேல குளிர்ந்த துணி வெச்சு, இருட்டு அறையில இருந்து, டாக்டரைப் பாருங்க. பெரும்பாலும் ரெண்டு நாள்ல சரியாயிரும். கிரைண்டர் துகள் உள்ள இருந்தா தானா சரியாகாது.

நெஞ்சையும் சொல்லிர்றேன். குளிருன்னு கதவு, ஜன்னல் எல்லாம் சாத்திட்டு ஜிஐ பைப் (துத்தநாகம் பூசின இரும்பு பைப்) பத்த வைக்கறாங்க. துத்தநாகம் 907 டிகிரியில கொதிச்சு வெள்ளைப் புகையா வரும். ராத்திரி குளிர் நடுக்கம், காய்ச்சல், வாயில உலோகச் சுவை. மலேரியா மாதிரியே இருக்கும், ரெண்டு நாள்ல போயிரும். ஒரு டம்ளர் பால் குடிச்சா ஒண்ணும் ஆகாதுன்னு நம்பிட்டு மறுநாளும் அதே வேலையைப் பார்க்கறாங்க. பால் வயித்துக்குப் போகும், புகை நுரையீரலுக்குப் போகுது. பூச்சை முதல்ல தேய்ச்சு எடுத்துருங்க, தேய்க்கும்போதும் மாஸ்க் போடுங்க. சாதாரண இரும்புப் புகையையும் லேசா எடுக்க வேண்டாம். உலக சுகாதார நிறுவனத்தோட புற்றுநோய் ஆய்வு அமைப்பு வெல்டிங் புகையை 2017ல புற்றுநோய் உண்டாக்குறதுன்னு முதல் பிரிவுலயே சேர்த்திருச்சு. மூச்சு வாங்கினா மூணு நாலு நாள் பார்க்காம வந்துருங்க.

சிமெண்ட்சாலை · புதன், இரவு 9:45

நான் முன்னாடி எழுதினதைத் திரும்பப் படிச்சேன். அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது. அந்தப் பையன் ஓட்டின மெஷினுக்கு எர்த் இல்லைன்னு படிச்சதும் மனசு கேக்கலை. எங்க பட்டறையிலயும் நாளைக்கு எல்லா பிளக்கையும் திறக்கறோம்.

ஊட்டி வயர்மேன் · வியாழன், காலை 7:00

நல்லதுங்ண்ணா. திறக்கும்போது இதையும் பாருங்க.

இன்வெர்ட்டர் மெஷினுக்குள்ள கிரைண்டிங் தூள் போனா அது வெறும் தூசி கிடையாது, இரும்பு. ஈரத்தோட சேர்ந்தா போர்டு மேலயே கரண்ட் ஓடும். மாசம் ஒரு தடவை, மழைக் காலத்துல ரெண்டு தடவை ஊதி எடுக்கணும். பிளக்கை உருவிட்டு, பத்து நிமிஷம் காத்திருந்துதான் மூடியைக் கழட்டணும். உள்ள கண்டென்சர்ல (கரண்ட்டைத் தேக்கி வைக்கற பாகம்) 300 வோல்ட்டுக்கு மேல நிக்கும். கம்ப்ரஸர்ல தண்ணி வடிச்சுட்டு, குறைஞ்ச பிரஷர்ல ஊதுங்க. மெஷினுக்குப் பின்னாடி கிரைண்டர் ஓட்டாதீங்க, ஃபேன் உறிஞ்சிரும்.

ராத்திரி குளிர்ல கெடந்த மெஷினைக் காலைல சூடான அறைக்குள்ள கொண்டு வந்தா உள்ள வேர்க்கும், கண்ணாடியில படியற மாதிரி. ஒரு மணி நேரம் விட்டுத்தான் சுவிட்ச் போடணும். இன்னொண்ணு, இந்த மெஷின் தரம் எழுதினது கடல் மட்டத்துல இருந்து 1000 மீட்டர் உயரம் வரைக்கும். ஊட்டி 2,240 மீட்டர். காத்து இங்க மெலிசு, ஃபேன் அதே வேகத்துல சுத்தினாலும் அவ்வளவு சூட்டை எடுக்காது. 200 ஆம்ப், 60 சதவீதம்னு போட்டிருந்தா பத்து நிமிஷத்துல ஆறு நிமிஷம்னு அர்த்தம். அந்த ஆறையும் இங்க முழுசா வாங்காதீங்க. ஜெனரேட்டர்லயும் 300 மீட்டருக்கு 3 சதவீதம் பக்கம் இழுவை குறையும். கீழ மேட்டுப்பாளையத்துல ஓடினது மேல வந்தா திணறும், அப்ப வோல்ட் ஆடி மெஷின் போயிரும்.

பழைய டிரான்ஸ்ஃபார்மர் செட்னா மழைக்கு முன்னாடியும் பின்னாடியும் 500 வோல்ட் மெக்கர் (இன்சுலேஷன் அளக்கற மீட்டர்) போடுங்க. மெயினுக்கும் வெல்டிங் பக்கத்துக்கும் நடுவுல 5 மெகா ஓம், ஒவ்வொண்ணுக்கும் பாடிக்கும் நடுவுல 2.5 மெகா ஓம், இதுக்குக் குறைஞ்சா உள்ள ஈரம் ஏறிருச்சு. அந்தத் தடுப்பு போச்சுன்னா ஹோல்டர்லயே 230 வரும்.

தம்பி, உங்களுக்கு 32 ஆம்ப் தனி லைன், சி வகை எம்சிபி (கரண்ட் அதிகமானா விழற சுவிட்ச்), இண்டஸ்ட்ரியல் சாக்கெட். வீட்டு 16 ஆம்ப் பிளக்கு வேண்டாம். எர்த் பிட்டை எலக்ட்ரீஷியனை வெச்சு டெஸ்டர்ல அளக்கச் சொல்லுங்க. நம்ம மலையில ரெண்டடி தோண்டினா பாறை வந்துரும், ஒரு கம்பியை அரைகுறையா அடிச்சுட்டுப் போயிருப்பாங்க. மழையில நல்லாக் காட்டும், மாசியில மண்ணு காய்ஞ்சு தடை ஏறிரும். அதனால காய்ஞ்ச மாசத்துல அளக்கணும்.

மலைப்பட்டறை · ஞாயிறு, மாலை 5:20

நாலு நாள் பட்டறை மூடி வேலை பார்த்தேன். ரெண்டு பக்கமும் 35 ஸ்கொயர் செம்பு வெல்டிங் கேபிள், பத்து மீட்டர். கிளாம்ப் இனி வேலை மேலதான், தூண் பக்கம் போகாது. கட்டிங் மெஷினுக்குப் புது வயர், புது பிளக்கு. ஹோல்டர் வாய்ல இன்சுலேஷன் உடைஞ்சு செம்பு தெரிஞ்சது, அதையும் மாத்தியாச்சு. தனி லைன் இழுத்தாச்சு. மேற்குப் பக்கம் தகரத்துல மேல ஒரு ஜன்னல் வெட்டி எக்ஸாஸ்ட் ஃபேன். மெயின் சுவிட்ச் எங்க இருக்குன்னு சிவப்புப் பெயிண்ட்ல எழுதி, பையனைக் கண்ணை மூடிட்டுப் போய்த் தொடச் சொல்லிப் பழக்கினேன். யாருக்காவது அடிச்சா ஆளைத் தொடாம முதல்ல அதை இறக்கணும், அப்புறம் 108னு சொல்லிக் குடுத்திருக்கேன். பலகை ரெண்டு செஞ்சு வீட்டு அடுப்படியில வெச்சிருக்கேன், பழைய கை அய்யா சொன்ன மாதிரி.

ஒரு கேள்வி பாக்கி. 7018னு நம்பர் போட்ட வெல்டிங் ராடு ஒரு பாக்கெட் பிரிச்சது ஒரு மாசமாக் கொட்டகையிலயே கெடக்கு. அதுல ஒரு டிரெய்லர் கொக்கி பத்த வைக்கணும். வெயில்ல காய வெச்சா போதுமா?

குன்னூர் பழைய கை · ஞாயிறு, இரவு 7:10

போதாது கண்ணு. வெயில் சாதாரண 6013 ராடுக்கே சந்தேகம், அதுக்கு 100 டிகிரி பக்கம் ஒரு மணி நேரம் வேணும். 7018க்கு 300, 350 டிகிரி அடுப்புல ஒரு மணி நேரம், பாக்கெட்ல போட்டிருக்கற கணக்குப்படி. அந்தப் பூச்சுல ஏறின ஈரம் ஹைட்ரஜனா இரும்புக்குள்ள போயி, மேல பார்க்க அழகா இருக்கும், உள்ள விரிசல் விட்டுரும். அதுவும் பத்த வெச்ச அன்னைக்கே தெரியாது, மறுநாளோ அதுக்கு மறுநாளோ விடும். டிரெய்லர் கொக்கி ஏத்தத்துல அறுந்தா பின்னாடி வர்ற பஸ் மேலதான் போகும். ஒரு மாசம் கெடந்ததைக் கிரில் வேலைக்குக் கூட வேண்டாம். கொக்கிக்குப் புது பாக்கெட் பிரிங்க, அதுல மீதி ராடை எங்க பட்டறைக்குக் கொண்டு வாங்க, அடுப்பு இருக்கு. வரும்போது பையனையும் கூட்டிட்டு வாங்க.